காவலர் நிறுத்தும்போது கைத்துப்பாக்கி இருப்பதை நாமாகவே சொல்ல வேண்டுமா? அடையாள அட்டையைக் காட்டியே ஆக வேண்டுமா?

மௌமிக்கரைவாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒஹாயோ மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மிச்சிகன் எல்லைக்கு மிக அருகில் குடியிருக்கிறேன். கிரீன் கார்டு பெற்றவன். கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான ஒஹாயோ உரிமத்தை, எட்டு மணி நேரப் பயிற்சியை முடித்து அண்மையில் வாங்கினேன். 2022 ஜூன் மாதத்திலிருந்து இங்கே 21 வயது நிறைந்த, சட்டம் தடை செய்யாத எவரும் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்பது தெரியும். ஆயினும் மிச்சிகனில் அந்தச் சலுகை கிடையாது என்பதாலும், வேலை நிமித்தமாக அடிக்கடி எல்லையைக் கடக்க வேண்டியிருப்பதாலும் உரிமத்தை வாங்கி வைப்பதே நல்லது என்று எண்ணினேன்.

காவலர் வண்டியை நிறுத்தும் அந்தச் சில நிமிடங்களில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில்தான் எனக்குக் குழப்பம். காவலர் கண்ணாடியருகே வந்து நின்றதும் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் செய்தியே துப்பாக்கி இருக்கிறது என்பதாக இருக்க வேண்டும் என்று பயிற்றுநர் சொன்னார். நெடுங்காலமாகத் துப்பாக்கி வைத்திருக்கும் சக ஊழியர் ஒருவரோ, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதைப் போன்ற மடமை வேறில்லை என்கிறார். இருவருமே சட்டம் தம் பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

வண்டியில் இல்லாமல் நடந்து போகும்போது ஒரு காவலர் வந்து அடையாள அட்டையைக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டுமா? உரிமம் உள்ளவர் என்று தெரிந்த பிறகும் அவர் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்ளவும் வண்டியைச் சோதனை போடவும் முடியுமா? என் மனைவி இந்த விவகாரம் முழுவதையுமே அச்சத்தோடுதான் பார்க்கிறார். அவருக்கு விளக்கிச் சொல்லும் அளவுக்காவது எனக்குத் தெளிவு வேண்டும்.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

நண்பரே, உங்கள் கேள்விக்குள் இரண்டு தனித்தனிக் கடமைகள் கலந்து கிடக்கின்றன. நீங்கள் யார் என்று சொல்வது ஒன்று. உங்களிடம் ஆயுதம் இருக்கிறதா என்று சொல்வது மற்றொன்று. முன்னது, காவலர் உங்களை எந்த அடிப்படையில் நிறுத்தினார் என்பதைப் பொறுத்தது. பின்னது மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது. நான் வழக்கறிஞர் அல்லன். வழக்கறிஞர்களுக்காகத் தீர்ப்புகளைத் தேடி எடுத்துத் தரும் வேலை பார்க்கிறவன். ஆகவே முன்னதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பின்னதைத் துப்பாக்கியோடு பழகியவர்கள் எழுதட்டும்.

வண்டியை ஓட்டிச் செல்கிறவருக்கு இதில் விவாதத்துக்கு இடமே இல்லை. ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீட்டுச் சான்று ஆகியவற்றைக் கேட்டால் காட்டத்தான் வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் காவலர் தம் விருப்பப்படி ஏதோ ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்து நிறுத்தக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1979ஆம் ஆண்டிலேயே, டெலவர் மாநிலத்திலிருந்து வந்த புரவுஸ் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் அந்தப் பாதுகாப்பு நடைமுறையில் மெலிந்தது. ஏனென்றால் 1996இல் வந்த ரென் வழக்கின் தீர்ப்புப்படி, சிறு போக்குவரத்து விதிமீறல் ஒன்று உண்மையிலேயே நடந்திருந்தால் போதும். காவலரின் மனத்துக்குள் இருந்த நோக்கம் வேறாக இருந்தாலும் நிறுத்தம் செல்லும்.

நடந்து போகிறவரின் நிலை வேறு. காவலர் சும்மா பேச்சுக் கொடுக்கிறார் என்றால் அது உங்கள் விருப்பத்தின் பேரில் நடக்கும் உரையாடல். பதில் சொல்லாமல் விலகிப் போகலாம். குற்றம் நடந்திருக்கிறது அல்லது நடக்கப் போகிறது என்று எண்ணுவதற்கு, எடுத்துச் சொல்லக்கூடிய நியாயமான சந்தேகம் அவருக்கு இருந்தால், சிறிது நேரம் தடுத்து நிறுத்தலாம். 1968ஆம் ஆண்டு டெர்ரி எதிர் ஒஹாயோ வழக்கில் பிறந்த விதி இது, அதுவும் கிளீவ்லாந்து நகரத்துத் தெரு ஒன்றில் நடந்த நிகழ்விலிருந்து பிறந்தது. அப்படியொரு சந்தேகம் இல்லாதபோது பெயரைச் சொல்லாததற்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது என்பது 1979ஆம் ஆண்டின் பிரவுன் எதிர் டெக்சஸ் தீர்ப்பு. சந்தேகம் இருந்து, மாநிலச் சட்டமும் அவ்வாறு கோரினால், பெயரைச் சொல்ல மறுப்பதைக் குற்றமாக்கலாம் என்பது நெவாடாவிலிருந்து வந்த ஹீபெல் வழக்கில் 2004இல், ஐந்துக்கு நான்கு என்ற குறுகிய பெரும்பான்மையில் முடிவானது. அந்தத் தீர்ப்பு பேசியது பெயரைச் சொல்வதைப் பற்றித்தான். அட்டையை எடுத்து நீட்டுவதைப் பற்றி அன்று.

உங்கள் ஒஹாயோவில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது: திருத்தப்பட்ட சட்டத் தொகுப்பின் 2921.29. பொது இடத்தில் இருக்கும் ஒருவர் குற்றம் செய்கிறார், செய்தார் அல்லது செய்யப் போகிறார் என்று காவலர் நியாயமாகச் சந்தேகித்துக் கேட்டால், பெயர், முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றைச் சொல்ல மறுப்பது குற்றம். அவற்றுக்கு மேல் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும் என்று அந்தப் பிரிவு கட்டாயப்படுத்தவில்லை. நடந்து போகிறவர் பிளாஸ்டிக் அட்டையை எடுத்துக் காட்டியே தீர வேண்டும் என்றும் அது சொல்லவில்லை.

இனித் துப்பாக்கி எங்கே வருகிறது என்றால், அந்த நியாயமான சந்தேகம் என்ற இடத்தில்தான் வருகிறது. இடுப்பில் துப்பாக்கி தெரிவதே சந்தேகத்துக்குப் போதுமா? உங்கள் பகுதியிலேயே நடந்த வழக்கு இதற்கு விடை தருகிறது. 2010இல் டொலீடோ நகரத்தில் நார்த்ரப் என்பவர், குடும்பத்தாரோடும் நாயோடும் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தார். இடுப்பு உறையில் கைத்துப்பாக்கி வெளியே தெரியும்படி இருந்தது. மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் அதைப் பார்த்து அவசர எண்ணை அழைத்தார். வந்த காவலர் துப்பாக்கியைப் பறித்து, விலங்கு மாட்டிக் காருக்குள் உட்கார வைத்தார். நான் மேலே சொன்ன அதே அடையாளம் சொல்லாமைக் குற்றத்தின் பேரில் வழக்கும் எழுதினார். அந்த வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. நார்த்ரப் தொடுத்த வழக்கில், கூட்டாட்சி நீதிமன்றங்களுள் ஒன்றான ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் அவர் பக்கம் நின்றது. வெளிப்படையாகத் துப்பாக்கி வைத்திருப்பதை ஒஹாயோ சட்டம் அனுமதிக்கிறது. சட்டம் அனுமதிக்கும் ஒன்றைச் செய்வதே குற்றச் சந்தேகத்துக்கு ஆதாரமாகிவிட முடியாது என்பதுதான் அதன் சாரம். ஒஹாயோ, மிச்சிகன், கென்டக்கி, டென்னசி ஆகிய நான்கு மாநிலங்களையும் அந்த நீதிமன்றத்தின் தீர்ப்புகள் கட்டுப்படுத்தும்.

வேறு நீதிமன்றங்களும் இதே வழியில் போயிருக்கின்றன. வட கரோலினாவின் சார்லட் நகரத்திலிருந்து எழுந்த பிளாக் வழக்கில் நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் இதையே சொன்னது. மறைத்து வைத்திருக்கும் துப்பாக்கியைப் பற்றிப் பென்சில்வேனிய மாநில உச்ச நீதிமன்றம் 2019இல், ஹிக்ஸ் வழக்கில், உரிமம் பெற்றுச் செய்யக்கூடிய செயலைக் கண்டதுமே குற்றவாளியாகக் கருதித் தடுக்கக்கூடாது என்றது. பெயர் சொல்லாத எவரோ தொலைபேசியில், இன்ன இடத்தில் நிற்பவரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னால் மட்டும் உடற்சோதனைக்குப் போதாது என்று உச்ச நீதிமன்றமே 2000இல் ஃபுளோரிடா வழக்கொன்றில் கூறியிருக்கிறது.

இவ்வளவும் படித்துவிட்டுத் தெருவில் காவலரோடு வாதிட முனையாதீர்கள். அவருக்குச் சந்தேகம் இருந்ததா இல்லையா என்பது பின்னால் நீதிபதி முன்னிலையில் முடிவாகும் ஒன்று. அழைத்தவர் தொலைபேசியில் என்ன சொன்னார் என்பது அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரியவே தெரியாது. நான் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறேனா, போகலாமா என்று அமைதியாகக் கேளுங்கள். போகலாம் என்றால் போய்விடுங்கள். இல்லை என்றால் ஒஹாயோவில் அந்த மூன்று விவரங்களையும் சொல்லிவிடுங்கள்.

ஏரிக்காற்று எழுதியது:

உங்கள் பயிற்றுநரும் சக ஊழியரும் வெவ்வேறு காலத்துச் சட்டத்தைப் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். 2022க்கு முன்பு ஒஹாயோவில், துப்பாக்கி வைத்திருக்கும் உரிமக்காரர் காவலர் கேட்காமலே உடனே தெரிவித்தாக வேண்டும், தவறினால் குற்றம். அந்த ஆண்டில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, காவலர் கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்ற அளவில் கடமை சுருங்கியது. கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாலும் கடமை நிறைவேறியதாகவே சட்டம் கொள்கிறது. ஆனால் மற்ற விதிகள் அப்படியே இருக்கின்றன: கைகள் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும், காவலர் சொல்லாமல் வண்டியை விட்டு இறங்கக் கூடாது, துப்பாக்கியைத் தொடவோ தொட முயலவோ கூடாது. இவை நல்லொழுக்க அறிவுரைகள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒஹாயோவில் இவை சட்டத்திலேயே எழுதப்பட்ட கட்டளைகள், மீறுவதே தனிக் குற்றம்.

எல்லையைத் தாண்டிய நொடியில் கதை மாறுகிறது. மிச்சிகனில் உரிமம் பெற்றவர் நிறுத்தப்பட்ட உடனேயே துப்பாக்கி இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அபராதமும் உரிமத்துக்குக் கேடும் உண்டு. ஒஹாயோவில் வசிப்பவர் ஒஹாயோ உரிமத்தோடு அங்கே போகலாம் என்பதால், நீங்களும் அந்த முறைப்படியே நடந்துகொள்ள வேண்டும். விருந்தொன்றில் ஒரு கோப்பை பீர் அருந்திவிட்டுத் திரும்பும் பழக்கம் இருந்தால் அதையும் மறந்துவிடுங்கள்: மிச்சிகனில் துப்பாக்கியை மறைத்து வைத்திருப்பவரின் இரத்தத்தில் மது அளவு 0.02 விழுக்காட்டை எட்டினாலே மீறல், ஓட்டுநருக்குரிய 0.08 என்ற வரம்பு இங்கே செல்லாது.

நாடு முழுவதும் பார்த்தால் இந்தக் கடமை தாறுமாறாகச் சிதறிக் கிடக்கிறது. டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல் உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்லலாம். ஆனால் உரிமம் வைத்திருப்பவரிடம் காவலர் அடையாளம் கேட்டால், அவர் ஓட்டுநர் உரிமத்தோடு துப்பாக்கி உரிமத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்ற விதி அவர் மீது மட்டும் நிற்கிறது. மெயின் மாநிலத்தில் நேர் எதிர்: உரிமம் இல்லாமல் எடுத்துச் செல்கிறவர்தான் உடனே தாமாகச் சொல்ல வேண்டும். உரிமம் தேவையில்லை என்று அறிவித்த மாநிலங்கள் 2024க்குள் 29 ஆகிவிட்டன. அதனால் எங்கும் ஒரே விதி என்று எண்ணிக்கொள்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். புறப்படும் முன் வழியிலுள்ள ஒவ்வொரு மாநிலத்தின் விதியையும் அந்தந்த மாநிலத் தலைமை வழக்கறிஞரின் அல்லது காவல் துறையின் தளத்தில் பார்த்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

கடமை இல்லாத இடத்திலும் நானாகவே சொல்லிவிடுவேன் என்பது என் கட்சி. ஆனால் எப்படிச் சொல்வது என்பதில் உயிரே இருக்கிறது. 2016 ஜூலை 6 அன்று மின்னசோட்டாவின் ஃபால்கன் ஹைட்ஸ் என்ற ஊரில் ஃபிலாண்டோ காஸ்டீல் நிறுத்தப்பட்டார். முறையான உரிமம் உள்ளவர். ஓட்டுநர் உரிமத்தையும் காப்பீட்டுச் சான்றையும் காவலர் கேட்டிருந்தார். காஸ்டீல் தம்மிடம் துப்பாக்கி இருப்பதாக மரியாதையுடன் தெரிவித்தார். அதை எடுக்காதே என்று காவலர் சொல்ல, எடுக்கவில்லை என்று இவர் சொல்ல, சில நொடிகளுக்குள் ஏழு குண்டுகள் பாய்ந்தன. காவலர் மீது தொடரப்பட்ட வழக்கில் 2017இல் ஜூரிகள் அவர் குற்றவாளி அல்லர் என்று தீர்ப்பளித்தனர். கொடுமை என்னவென்றால், காவலர் கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்பதே மின்னசோட்டாவின் விதி. காஸ்டீல் சட்டம் கேட்டதற்கு மேலாகவே செய்தார்.

அந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொண்டது, துப்பாக்கி என்ற சொல்லும் கையின் அசைவும் ஒரே நேரத்தில் நிகழக் கூடாது என்பதுதான். வண்டியை ஓரங்கட்டி, இரவானால் உள்விளக்கைப் போட்டு, இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வைத்துவிடுங்கள். பேச்சைத் துப்பாக்கியில் தொடங்காமல் உரிமத்தில் தொடங்குங்கள்: மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் என்னிடம் உண்டு, இப்போது துப்பாக்கி வலது இடுப்பில் இருக்கிறது, நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் அவர் சொல்லும் வரை எதையும் எடுக்காதீர்கள், அவர் முன்பே கேட்ட ஓட்டுநர் உரிமத்தைக்கூட. துப்பாக்கி இருக்கும் பக்கத்துப் பையில் பணப்பையை வைக்காதீர்கள். பதிவுச் சான்று இருக்கும் கிளவ் பாக்ஸில் துப்பாக்கியை வைக்கவே வைக்காதீர்கள். காகிதத்தை எடுக்க அதைத் திறந்ததும் காவலர் கண்ணில் படுவது துப்பாக்கியாகத்தான் இருக்கும்.

மௌமிக்கரைவாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கிளவ் பாக்ஸைப் பற்றிச் சொன்னது எனக்காகவே எழுதியது போல் இருக்கிறது. அங்கேதான் வைக்கலாம் என்றிருந்தேன். இன்னொரு சூழ்நிலையையும் சொல்லிவிடுகிறேன். என் மைத்துனர் எச்-1பி விசாவில் இருக்கிறார். சில நாட்கள் என் காரை அவர் எடுத்துச் செல்வார், சில நாட்கள் என்னுடனேயே வருவார். இதனால் ஏதாவது சிக்கல் உண்டா?

குடிபெயர்ந்தவள் எழுதியது:

அண்ணா, இந்தத் திரியில் உங்களுக்கு மிக முக்கியமான செய்தி இதுவாகத்தான் இருக்கும். குடியேற்ற வழக்குகளில் பல ஆண்டுகளாக ஆவணப் பணி செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: காவலரிடம் என்ன சொல்வது என்பதைவிட, வண்டியில் யார் இருக்கிறார்கள், துப்பாக்கி எங்கே இருக்கிறது என்பதுதான் நம்மவர்களுக்குப் பெரிய ஆபத்து.

மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும், கூட்டாட்சிச் சட்டத்தின் 18ஆம் தொகுப்பு, 922ஆம் பிரிவு, குடியேற்றம் அல்லாத விசாவில் உள்ளவர்கள் துப்பாக்கியையோ தோட்டாக்களையோ வைத்திருப்பதைத் தடை செய்கிறது. எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1 எல்லாம் அதில் அடங்கும். செல்லத்தக்க வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. அதைத் தவிர வேறு சில குறுகிய விலக்குகள் நம் மைத்துனர்களுக்குப் பொருந்துபவை அல்ல. மீறினால் 15 ஆண்டுகள் வரை சிறை. 2022க்கு முன்பு அது 10 ஆண்டுகளாக இருந்தது. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை என்பதால் நீங்கள் வைத்திருப்பது சரி. உங்கள் மைத்துனர் கையில் சாவியோடு, அவர் எட்டி எடுக்கும் தூரத்தில் உங்கள் துப்பாக்கி இருப்பது சரியன்று. வைத்திருத்தல் என்பதற்குக் கையில் பிடித்திருப்பது என்று மட்டும் நீதிமன்றங்கள் பொருள் கொள்வதில்லை. அங்கே இருப்பது தெரிந்து, தன் கட்டுப்பாட்டில் கொண்டுவரும் வாய்ப்பும் எண்ணமும் இருந்தால் அதுவும் வைத்திருத்தலே. அவர் காரை எடுக்கும் நாளில் துப்பாக்கியோ தோட்டாவோ எதுவும் அதற்குள் இருக்கக் கூடாது. ஒற்றைத் தோட்டா இருக்கைக்கு அடியில் உருண்டு கிடந்தாலும் அவருக்கு அது விளக்க முடியாத விஷயமாகிவிடும்.

உங்கள் நிலையும் குடிமகனின் நிலைக்கு ஒப்பானது என்று எண்ணிவிடாதீர்கள். நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட பிறகு எந்த நேரத்திலாவது, துப்பாக்கியைச் சட்டத்துக்குப் புறம்பாக வாங்கியதற்கோ வைத்திருந்ததற்கோ எடுத்துச் சென்றதற்கோ தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடு கடத்தலாம் என்று குடியேற்றச் சட்டம் சொல்கிறது. கிரீன் கார்டு அதைத் தடுக்காது, குற்றம் சிறியது என்பதும் தானாகக் காப்பாற்றாது. குடிமகனான உங்கள் சக ஊழியர் ஒரு சிறு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு மறந்துவிடலாம். அதே ஒப்புதல் உங்கள் வீட்டையே பெயர்த்துவிடக் கூடும். நாடு கடத்தப்படும் விளைவைக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2010இல் படீயா வழக்கில் கூறியிருக்கிறது. எனவே எதற்கும் கையெழுத்திடும் முன் நீங்கள் குடிமகன் அல்லர் என்பதை உங்கள் வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

அடையாள அட்டை என்று வரும்போது நமக்கு இன்னொன்றும் இருக்கிறது. 18 வயது நிறைந்த, குடியுரிமை இல்லாதவர் தம் பதிவு ஆவணத்தை, உங்கள் விஷயத்தில் கிரீன் கார்டை, எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது பழைய கூட்டாட்சிச் சட்டம். மீறலுக்கு 30 நாட்கள் வரை சிறை உண்டு. சாலையில் உள்ளூர்க் காவலர் ஒருவர் எந்த நாட்டவர் என்று கேட்டால் பதில் சொல்ல விரும்பவில்லை என்று கூறலாம். பதற்றத்தில் அமெரிக்கக் குடிமகன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பொய்யாகக் குடியுரிமை கோருவது ஏறத்தாழ மீட்பே இல்லாத தவறு.

பள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளி வளாகத்திலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கியோடு இருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது; அந்தப் பள்ளி இருக்கும் மாநிலம் வழங்கிய உரிமம் உள்ளவருக்கு விலக்கு அளிக்கிறது. சட்டத்தின் சொற்களை அப்படியே படித்தால், ஒஹாயோ உரிமம் உங்களை ஒஹாயோவில் காக்கும். மிச்சிகனில் ஒரு பள்ளியைக் கடந்து போகும்போது காக்காது. தோட்டா நீக்கி, பூட்டிய பெட்டிக்குள் வைத்திருந்தால் அங்கும் சிக்கல் இல்லை.

நடுச்சாலை எழுதியது:

ஏரிக்காற்று ஐயாவின் அறிவுரையில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கடமை இல்லாத இடத்திலும் நானாகவே சொல்லிவிடுவேன் என்பதை எல்லோருக்கும் பொதுவாக்குவதை ஏற்க முடியவில்லை. சொல்லிவிட்டால் காவலரின் அச்சம் குறையும் என்று அது எண்ணிக்கொள்கிறது. கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி நகரத்தில் 2018இல் ஓட்டுநர் ஒருவர் ஓட்டுநர் உரிமத்தோடு துப்பாக்கி உரிமத்தையும் நீட்டி, வண்டியில் துப்பாக்கி இருப்பதைத் தாமாகவே சொன்னார். அவரை இழுத்து வெளியே போட்டு, விலங்கு மாட்டிக் காவல் வண்டியில் அடைத்து, காரின் உள்ளும் டிக்கியும் சோதனை போடப்பட்டன. உரிமத்தைக் காட்டிய ஒருவரை அப்படிச் செய்யக் காரணமே இல்லை என்றும், அந்தக் காவலருக்கு வழக்கிலிருந்து தப்பிக்கும் சட்ட விலக்கு கிடையாது என்றும் இரண்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இல், சூக்கானே வழக்கில், சொன்னது. சரியான தீர்ப்புதான், ஆனால் நிகழ்வுக்கும் தீர்ப்புக்கும் இடையே ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒஹாயோவில் காவலர் உங்கள் ஓட்டுநர் உரிமத்தைக் கணினியில் தட்டிப் பார்க்கும்போது துப்பாக்கி உரிமம் இருப்பது அவருக்குத் தெரியவரும். ஆகவே உரிமம் உள்ள ஒருவருக்கு மௌனத்தால் கிடைக்கும் ஆதாயமும் பெரிதன்று. துப்பாக்கி உடலில் இருந்து, இறங்கச் சொல்லும் வாய்ப்பு இருந்தால் சொல்லிவிடலாம். டிக்கியில் பூட்டிக் கிடந்தால், மிச்சிகன் போன்ற மாநிலமாக இல்லாத வரையில், நானாகப் பேச்செடுக்க மாட்டேன். கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். முறையாக நிறுத்தப்பட்ட வண்டியிலிருந்து ஓட்டுநரை இறங்கச் சொல்லக் காவலருக்குத் தனிக் காரணம் தேவையில்லை. 1977ஆம் ஆண்டின் மிம்ஸ் வழக்கு அது. உடன் வருகிறவருக்கும் அதே விதி 1997இல் வந்தது. உடலைத் தடவிச் சோதிக்க, அந்த ஆள் ஆயுதம் வைத்திருப்பவர், ஆபத்தானவர் என்ற இரண்டையும் எண்ணக் காரணம் வேண்டும் என்பது டெர்ரி தீர்ப்பின் சொற்கள். உரிமத்தோடு ஆயுதம் வைத்திருப்பவர் ஆபத்தானவரா என்பதில்தான் நீதிமன்றங்கள் பிளவுபடுகின்றன. மேற்கு வர்ஜீனியாவில் சீட் பெல்ட் போடாததற்காக நிறுத்தப்பட்ட வண்டியைப் பற்றிய ராபின்சன் வழக்கில், நான்காவது வட்டாரம் 2017இல், ஆயுதம் இருப்பதே ஆபத்துக்குப் போதும் என்று கூறிவிட்டது. வர்ஜீனியா, மேரிலாந்து, கரோலினாக்கள் பக்கம் காரில் போகும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அபாயம் என்று எண்ண நியாயமான காரணம் இருந்தால், இருக்கைகளைச் சுற்றி ஆயுதம் இருக்கக்கூடிய இடங்களை மட்டும் பார்க்கலாம் என்பது 1983ஆம் ஆண்டின் மிச்சிகன் எதிர் லாங் தீர்ப்பு.

நிறுத்தம் முடியும் வரை துப்பாக்கியைத் தம்மிடம் வைத்துக்கொள்ளக் காவலர் கேட்டால் அந்த இடத்தில் மறுக்காதீர்கள். உறையிலிருந்து எடுக்கும் வேலையை அவரே செய்யட்டும். வண்டியைச் சோதிக்க அனுமதி கேட்பது வேறு. மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று அவர் எடுத்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 1973இலேயே அது தீர்மானமாகிவிட்டது. ஆகவே சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை என்பதை வாய்திறந்து சொல்ல வேண்டும். தலையை ஆட்டுவதும் தோளைக் குலுக்குவதும் பின்னால் சம்மதமாக வாசிக்கப்படலாம். பேசாமல் இருக்கும் உரிமையையும் அப்படியே வாய்திறந்து சொல்லித்தான் கோர வேண்டும். சாதாரணப் போக்குவரத்து நிறுத்தத்தில் மிராண்டா எச்சரிக்கை, அதாவது பேசாமல் இருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று காவலர் முன்கூட்டியே சொல்லும் எச்சரிக்கை, கொடுக்கத் தேவையில்லை. பேசாமல் இருக்கும் உரிமையைப் பயன்படுத்துகிறேன் என்று சொல்லாமல் வெறுமே ஊமையாக இருந்தால், அந்த மௌனமே எதிராகப் பயன்படலாம் என்பது 2013ஆம் ஆண்டின் சலீனாஸ் தீர்ப்பு. அபராதச் சீட்டு எழுதி முடித்த பிறகு, புதிய சந்தேகம் எதுவும் இல்லாமல் மோப்ப நாய்க்காகக் காத்திருக்க வைக்க முடியாது. 2015இல் ராட்ரிகஸ் வழக்கு அதைத் தெளிவாக்கியது.

உரிமை மீறப்பட்டது என்று தோன்றினால், நேரம், இடம், வண்டி எண் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். காவலரின் பாடி கேமரா பதிவைப் பொது ஆவணமாகக் கேட்டு விண்ணப்பியுங்கள். கூட்டாட்சிக் குடிமை உரிமைகள் சட்டத்தின்படி, 1983ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடுக்க ஒஹாயோவில் இரண்டு ஆண்டுகளே அவகாசம்.

ஏரிக்காற்று எழுதியது:

நடுச்சாலை சொன்ன டிக்கி வேறுபாட்டை நான் ஏற்கிறேன். நான் எழுதியது இடுப்பில் வைத்திருப்பவரை மனத்தில் வைத்துத்தான். மௌமிக்கரைவாசி, மைத்துனரும் பள்ளியும் உங்கள் வழியில் இருப்பதால் சாவிப் பூட்டுள்ள சிறு இரும்புப் பெட்டி ஒன்றை வாங்கி டிக்கியின் தரையோடு கம்பிவடத்தால் கட்டிவிடுங்கள். சாவி உங்கள் கொத்தில் மட்டும் இருக்கட்டும், காரின் உபரிச் சாவியோடு சேர்க்க வேண்டாம். மாநிலங்களைக் கடந்து பயணம் செய்கிறவருக்குக் கூட்டாட்சிச் சட்டம் தரும் பாதுகாப்பும் தோட்டா நீக்கி, எட்டாத இடத்தில் வைத்திருப்பவருக்குத்தான் கிடைக்கும். டிக்கி தனியாக இல்லாத வண்டியாக இருந்தால் பூட்டிய பெட்டி கட்டாயம். கிளவ் பாக்ஸும் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள பெட்டியும் பூட்டியிருந்தாலும் கணக்கில் வாரா. மைத்துனர் காரை எடுக்கும் நாட்களில் அந்தப் பெட்டியையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.